இடது பக்கம் இருந்த கிட்டார்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா முழுச் சுகம், நான் முக்கால் சுகம், மீதிக் கால் எங்கே போயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ என் போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் நான் ஏதாவது தமாஷ் பண்ணிப் பேச்சைத் திருப்பிவிடுவேன், காகிதத்தில் அந்த வசதி கொஞ்சம் குறைவு. போன வாரம் ஹெட்போன் கடையில் என் மானம் கப்பலேறியது, அதிலிருந்தே தொடங்குகிறேன். புதிதாக வாங்கிய ஹெட்போனில் இடது பக்கம் பாடவில்லை என்று கொண்டுபோய் மாற்றினேன். மாற்றிக் கொடுத்ததும் அதே கதை, மறுபடியும் மாற்றினேன். மூன்றாம் தடவை போனபோது கடையில் நல்ல கூட்டம். நான் அங்கிருந்த பெண்ணிடம் குரலை உயர்த்தி, "ஒரு பக்கம் பாடற சாமானை முழு விலைக்கு விக்கிறீங்களே, இது நியாயமா" என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. வாங்கித் தன் காதில் மாட்டிப் பார்த்தாள், ரெண்டு பக்கமும் நல்லாத்தான் பாடுது என்றாள், பிறகு எட்டி வந்து அதைத் திருப்பி என் தலையில் மாட்டிவிட்டாள், இடது காதுக்கானது வலது காதில், வலது காதுக்கானது இடது காதில். "இப்ப எந்தப் பக்கம்ணே கேக்கல?" என்றாள். இப்போதும் இடது பக்கம்தான் கேட்கவில்லை. "அப்ப மாத்த வேண்டியது ஹெட்போன் இல்லண்ணே" என்று மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாருக்கும் காதில் கோளாறு இல்லை.

காது டாக்டரம்மா ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். வலது காதுக்கு உற்சாகமாக அழுத்தினேன். இடது காதுக்கு வந்ததும் வெகு நேரம் ஒன்றுமே வரவில்லை, சரி, முடிந்துவிட்டது போல என்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். "இன்னும் ஓடிட்டுதாங்க இருக்கு, உள்ள போய் உக்காருங்க" என்றார். நரம்பு தேய்ந்துவிட்டதாம், போனது போனதுதானாம், மிச்சமிருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டுமாம். பட்டறையில் என் லேத்துக்கு இடது பக்கம்தானே இரும்பைத் தேய்க்கிற அந்தக் கிரைண்டர் நிற்கிறது. காதுமூடி போட்டுக்கொள் என்று மேஸ்திரி தலைபாடாக அடித்துக்கொண்டார், பாட்டு கேட்கிற காதுக்கு மூடி எதற்கு என்று நான் அதை ஆணியில் மாட்டிவைத்து, அதற்குத் தினமும் வணக்கம் வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

பட்டறையில் எனக்கு நீதிபதி என்று பெயர் வைத்திருப்பது உனக்குத் தெரியும். வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் ஒரு முழு ஆல்பம் கேட்டுவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் தீர்ப்பு வாசிப்பேன். பாப் ஆல்பம் என்றால் இரண்டு பாட்டு டிக்கெட் எடுத்தவை, பத்துப் பாட்டு ஓசிப் பயணம். தேர்ந்தெடுத்த பாட்டுகள் என்று தொகுத்து விற்பதை வாங்குகிறவன், கதைப் புத்தகத்தில் நாலு பக்கத்தை மட்டும் கிழித்து வாங்குகிறவன். பாட்டை முடிக்கத் தெரியாதவன்தான் கடைசியில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய் நழுவுவான். இதில் எதையும் நான் வாபஸ் வாங்கப் போவதில்லை, இதற்கெல்லாம் ஒரு காது போதும். ஆனால் ஒரு ராக் குழுவின் இரண்டாவது கிட்டார்க்காரனை, சம்பளம் வாங்குகிற பொம்மை என்று வெல்டரோடு நாட்கணக்கில் சண்டை போட்டேனே, அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. அவன் வாசிக்கிறாண்ணே, நல்லாக் கேளுங்க என்று அவர் சொல்லச் சொல்ல, "உனக்குப் பொறி காதுக்குள்ள போயிடுச்சுய்யா" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தேன். நேற்று அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். தன் ஸ்டூலை எடுத்து என் வலது பக்கமாகப் போட்டு உட்கார்ந்து, "சாப்பிடுங்க நீதிபதி, அப்பீல்ல நாங்க ஜெயிச்சுட்டோம்" என்றார்.

வெல்டர் பரவாயில்லை, தினமும் பார்க்கிற ஆள். உன்னை என்ன செய்தேன் பார். நீங்கள் நாலு பேரும் சேர்ந்து பதிவு செய்த முதல் ஆல்பம், வெளியிடுவதற்கு முன்னால் எங்கப்பா கேக்கட்டும் என்று நீ அனுப்பிவைத்தாய். ஸ்பீக்கரில் போட்டால் தெருச் சத்தம் கலந்து உன் பாட்டுக்கு மரியாதை இருக்காது என்று என் பழைய ஹெட்போனில் கேட்டேன், அந்த மரியாதைதான் கெடுத்தது. உனக்கே போன் போட்டுத் தீர்ப்பு சொன்னேன், குரல் நல்லாருக்கு, டிரம் நின்னு அடிக்குது, கீபோர்டும் பரவாயில்ல, கிட்டார்தான் ஆளையே காணோம், நாலாவது பாட்டு நடுவுல நீ எங்கம்மா போன, தண்ணி குடிக்கவா என்று. நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். நீ ஆல்பத்தை நிறுத்திவைத்துவிட்டாய், வேற கிட்டார் ஆள் பாத்துக்கங்க என்று உன் குழுவிடம் சொல்லிவிட்டாய் என்பதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "உங்க வாய்க்குப் பூட்டு வாங்கணும்னு கல்யாணத்தன்னிக்கே நெனச்சேன்" என்றும் சொன்னாள்.

கடையிலிருந்து வந்த அன்று, அந்தப் பெண் மாட்டிவிட்ட மாதிரியே ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு உன் ஆல்பத்தை முதலிலிருந்து போட்டேன். குரலும் டிரம்மும் இரண்டு காதுக்கும் பொதுவாக வைத்திருக்கிறீர்கள், கீபோர்டு வலது பக்கம், உன் கிட்டார் முழுக்க இடது பக்கம். இத்தனை நாள் நான் கேட்டது நீ இல்லாத உன் ஆல்பம். நாலாவது பாட்டில் எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள், நீ மட்டும் ஒரே கம்பியை விடாமல் தட்டிக்கொண்டே வந்து, அவர்கள் திரும்ப வருவதற்குச் சற்று முன்னால் அதை ஒரு வளை வளைக்கிறாய். நான் காலியிடம் என்று சொன்ன இடம் அதுதான். அம்மா எதிரில் நின்று என்ன என்ன என்று கேட்டாள், ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டு முகம் கழுவப் போய்விட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், கேட்க முடியாதவன் கிட்டாரைக் காணோம் என்றானாம். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி ஒரே காதுக்குத் தருகிற வசதி போனிலேயே இருக்கிறதாம், அந்தப் பெண் வைத்துத் தருகிறேன் என்றாள். கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன், இப்போதைக்கு இடம் வலம் மாற்றியே மாட்டிக்கொண்டு கேட்கிறேன்.

பாவம் அப்பா என்று நினைத்து வெளியிடாதே, பாட்டு நன்றாக இருக்கிறது, அதனால் வெளியிடு. நான் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று உனக்குச் சந்தேகம் வரும், அதனால் இதையும் கேட்டுக்கொள், ஆறாவது பாட்டு ரொம்ப நீளம், அதை நல்ல காதால்தான் கேட்டேன். அந்தப் புது கிட்டார் ஆள் வந்துவிட்டால் தர்மசங்கடம், இந்தக் கடிதம் கிடைத்ததும் குழுவிடம் பேசு. டிரம்முக்குப் பக்கத்தில் நிற்காதே, பயிற்சியின்போது காதுக்கு ஏதாவது வைத்துக்கொள், நான் இப்போது மூடி போட்டுக்கொண்டுதான் லேத்தில் நிற்கிறேன். அம்மாவுக்குப் போன் பண்ணு, அவளுக்கு இரண்டு காதும் கேட்கும். உன் விரலும் காதும் நூறு வயசு வரை நன்றாக இருக்கட்டும்.

எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டரம்மா கேட்டார், இப்பத்தாங்க என்றேன். அம்மாவிடமும் வெல்டரிடமும் அதையேதான் சொன்னேன். ஆனால் போனை நான் வலது காதுக்கு மாற்றி வெகு நாளாகிறது. உன் நாலாவது பாட்டில் அந்த இடம் வந்தபோது, இல்லாதது கிட்டாரா என் காதா என்று ஒரு கணம் எனக்குத் தோன்றத்தான் செய்தது. காது என்றால் நீதிபதி வேலை போய்விடும். உன்னைச் சொல்வது சுலபமாக இருந்தது.

உன் அப்பா