என் வாசல் மரமும் என் பழைய மனுவும்

அனுப்புநர்
மூக்குக் கண்ணாடிக் கடை உரிமையாளர்,
கடைவீதி, கிழக்கு வரிசை.

பெறுநர்
மரப் பராமரிப்புப் பிரிவு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: என் கடை வாசல் மரத்தை வரும் வியாழனன்று வெட்டும் உத்தரவை நிறுத்தவும், அதன் பின்னணியை விசாரிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீதியில் கிழக்கு வரிசைக்கு மரங்கள் உண்டு. மேற்கு வரிசை மரங்கள் சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டன. பதினோரு மணிக்கு மேல் எல்லோரும் எங்கள் பக்கமே நடக்கிறார்கள். நிழலில் நின்றவர் கடைக்குள் எட்டிப் பார்க்கிறார்; பார்த்தவர் உள்ளே வருகிறார். புதுக் கண்ணாடி மாட்டியவரை வாசலுக்கு அழைத்து மரத்தைப் பார்க்கச் சொல்வேன். பச்சைக் குவியல் இலை இலையாகப் பிரிந்ததும் அவர் முகம் மாறும். என் பேச்சில் மயங்கி இதுவரை எவரும் கண்ணாடி வாங்கியதில்லை. என் மனைவி சாட்சி.

2. நேற்று தங்கள் ஊழியர் மரத்தில் சிவப்புக் குறி போட்டார். எதிர்வரிசைப் பைக்கடைக்காரர் மீது எனக்குச் சந்தேகம். வெயிலில் அவருடைய கறுப்புப் பைகள் பழுப்பாகிவிட்டன. ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவர், சென்ற வாரம் தானே வந்து, "என்னண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்றார். ஊழியர் குறி போடும்போது இவர் ஒரே பையை மூன்று முறை துடைத்துக்கொண்டு நின்றார்.

3. வெட்டச் சொன்னது யார் என்று ஊழியரை அதட்டினேன். அவர் காகிதத்தைப் புரட்டி, "நீங்கதானே சார்" என்றார். வாங்கிப் பார்த்தேன். நானேதான். நான்கு ஆண்டுகளுக்கு முன், கடை திறந்த புதிதில், மரம் பெயர்ப்பலகையை மறைப்பதாக எழுதிய மனு. மரத்தை 'என் தொழிலின் முதல் எதிரி' என்று வேறு வர்ணித்திருக்கிறேன். என் மனைவி, "உங்க எழுத்துக்கு இன்னிக்குத்தான் மரியாதை கிடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

4. ஆயினும் சந்தேகம் தீரவில்லை. தெருவிளக்கு பற்றியும் உடைந்த சாக்கடை மூடி பற்றியும் நான் கொடுத்த மனுக்கள் தங்கள் அலுவலகத்தில் நிம்மதியாக உறங்க, இது மட்டும் தானாக எழுந்து நடந்து வந்திருக்காது. எழுப்பியவர் யார்? பைக்கடைக்காரரின் மைத்துனர் அங்கே பணிபுரிவதாகத் தேநீர்க் கடையில் பேச்சு. பேச்சுக்கு நான் பொறுப்பல்ல. தங்கள் காதில் போடுவது மட்டுமே என் வேலை.

5. அந்த மனுவை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். மேற்கு வரிசையில் ஏற்கெனவே மூன்று கடைகள் மூடிக் கிடக்கின்றன. மரம் போனால் நான்காவது என் கடை. உச்சி வெயிலில் தாங்களே வந்து இரு பக்கமும் பத்து நிமிடம் நின்று பாருங்கள். எதிர்வரிசையிலும் கன்றுகள் நடுங்கள். பைக்கடைக்காரர் மீது எனக்குச் சந்தேகம்தானே தவிர, பகை இல்லை.

6. பழைய மனுவைப் படிக்கத் தங்களுக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. இதற்கு இருப்பது இரண்டே நாள். வழக்கம்போல் இதையும் வரிசையில் வைத்தால், அடிமரக்கட்டையைக் காப்பாற்றத்தான் தாங்கள் உத்தரவிட வேண்டியிருக்கும்.

இடம்: கடைவீதி
நாள்: செவ்வாய், காலை

பணிவுடனும் பதற்றத்துடனும்,
(ஒப்பம்)
முந்தைய மனுவில் கையெழுத்திட்ட அதே கண்ணாடிக் கடைக்காரர்