ரத்தம் சொன்னதை நான் சொல்லவில்லை

அண்ணா,

இன்று சாயங்காலம் வாசலில் குஸ்திக் கோதா மண்ணின் வாசனை வந்தது. நல்லெண்ணெயும் மஞ்சளும் கலந்த அந்தச் செம்மண் வாசனை. நீதான் வந்துவிட்டாய் என்று ஒரு கணம் எழுந்தே விட்டேன். வந்தவர் மாதையன். உன்னோடு கடைசியாகக் குஸ்தி பிடித்தவர்.

"நாளைக்குக் காலைல கோலார் சுரங்கத்துக்குப் போறனுங்க. இந்தக் கையால இனி யாரையும் புடிக்க மாட்டன்" என்றார் அப்பாவிடம்.

"எம்புள்ளய நசுக்கிக் கொன்ன கைதான அது? வாசப்படிய மிதிக்காத, போ!"

மாதையன் திரும்பி நடந்தார். அவரும் அப்படித்தான் நம்புகிறார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது.

உனக்கு மலைக்காய்ச்சல் வந்தபோது தருமபுரி ஆஸ்பத்திரி டாக்டர் விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்த்தார். தெளிந்துவிட்டது என்று அனுப்பினார். அடுத்த வாரமே காரிமங்கலத்தில் ஒரு குஸ்தி பிடித்து ஜெயித்தாய். மறுநாள் உனக்குச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. சூடு என்று சொல்லி அம்மா தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். நீ உள்ளுக்குள் பயந்திருந்தாய். டாக்டர் சீட்டு எழுதினால் படிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போனாய்.

டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். "என்ன பயில்வான், போன வாரம் பார்த்த ரத்தமா இது? வெள்ளணு ஏகமா ஏறிக் கெடக்கு. காய்ச்சல்காரன் ரத்தம் மாதிரி இருக்கு, ஆனா உடம்பு சுடல."

"ஜெயிச்ச ரத்தமுங்க, கொதிக்காதுங்களா?" என்று சிரித்தாய்.

"கொதிக்கலப்பா, அடி வாங்கியிருக்கு." அவர் சிரிக்கவில்லை. பதினைந்து நாள் கோதாவில் இறங்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் காதருகே சொன்னாய்: "ஆறாம் நாளு மாதையனோட குஸ்திக்கு ஜோடி குறிச்சாச்சு பாப்பா. நான் போகலன்னா, பயந்து ஓடிட்டான்னு சந்தையே சிரிக்கும். ரத்தம் நல்லா இருக்குதுன்னு படிச்சிரு."

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "என்னம்மா எழுதியிருக்காரு?"

நான் சீட்டைப் பார்த்தபடியே சொன்னேன்: "ரத்தம் சுத்தமா இருக்குதாம்ப்பா." குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அப்பா அந்தப் பக்கம் போனதும் நீ சீட்டை வாங்கி அடுப்பில் போட்டாய்.

குஸ்திக்கு முந்தின சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுவது உங்கள் கோதாவின் வழக்கம். வயிற்றில் தண்ணீர் இருந்தால் உடம்பு கனக்குமாம். அன்றும் நீ ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. நா வறண்டு, உதடு வெடித்துப் போய்த்தான் மாதையன் எதிரே நின்றாய். அவர் முறையாகத்தான் பிடித்தார் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு உனக்குச் சிறுநீரே இறங்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாய்.

உன்மேல் எனக்குக் கோபம் வருகிறது. உடனே அழுகையும் வருகிறது.

உண்மையைச் சொன்னால் அப்பா அடிப்பார். அது பரவாயில்லை. பொய் படிக்கத்தானா உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன் என்று கேட்டு, படிப்பை நிறுத்திவிடுவார். அதற்குத்தான் இத்தனை நாள் பயந்து கிடந்தேன். ஆனால் மாதையன் தன் கையைத் தானே வெறுத்துக்கொண்டு ஊரை விட்டுப் போகிறார். பஸ் வருவதற்குள் அப்பா அவரைப் பார்த்துப் பேச வேண்டும்.

டாக்டர் எழுதிய ஒவ்வொரு எழுத்தும் எனக்கு மனப்பாடம். இப்போது போய் அப்பாவை எழுப்பப் போகிறேன். கையில் காகிதம் இருக்காது. இந்த முறை சரியாகப் படித்துவிடுவேன், அண்ணா.