ஆறு தக்காளி, நான்கு குடைமிளகாய்

மார்ச் 3, திங்கள்

பின்வாசலுக்கும் மதிலுக்கும் நடுவே கிடக்கும் மண்ணில் இன்று நாற்று நட்டேன். ஆறு தக்காளி, நான்கு குடைமிளகாய். பக்கத்து வீட்டுத் தச்சர் மதில்மேல் கையை ஊன்றி வேடிக்கை பார்த்தார். “குச்சியையும் இப்பவே ஊனிடுங்க சார். அப்புறம் குத்தினா வேர் அறுந்துடும்” என்று பட்டறையில் மிஞ்சிய சட்டங்களை அவரே கொண்டுவந்தார். செடி ஒரு சாண்கூட இல்லை. குச்சி என் தோள் உயரம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

நான் தோட்டக்காரன் இல்லை. எல்லாம் என் மனைவி, இவளுக்காகத்தான். ஜனவரிக் காய்ச்சலில் இவளுக்கு மூக்கு போய்விட்டது, எந்த வாசனையும் தெரிவதில்லை. வாசலில் நின்றே அடுப்பில் பால் அடிப்பிடிப்பதைச் சொல்கிறவள்! இப்போது உப்பு, புளிப்பு, காரம் மட்டும் நாக்குக்குத் தெரிகிறதாம். “மத்ததெல்லாம் ஈரக் காகிதத்தை மெல்ற மாதிரி இருக்குங்க” என்று தட்டைத் தள்ளிவிடுகிறாள். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. டாக்டர், “வரலாம், வராமலும் போகலாம்” என்கிறார்.

செடியிலிருந்து பறித்த கையோடு ஒரு தக்காளியைக் கடித்தால் தெரியாமலா போகும்?

மார்ச் 24, திங்கள்

தக்காளி முழங்கால் உயரம் வந்து சாய ஆரம்பித்துவிட்டது. கட்டினேன். முப்பத்து நான்கு வருடம் விடைத்தாள் கட்டிய கை. சணல் கயிறு, இரண்டு சுற்று, ஒரு இழுப்பு, மேலே இரட்டை முடிச்சு. லாரியிலிருந்து உருட்டிவிட்டாலும் ஒரு தாள் நழுவாது. பத்துச் செடியும் அணிவகுப்பில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றன. பெருமையாக இருந்தது.

இவள் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 2, புதன்

முதல் பூ. மஞ்சள். கூப்பிட்டுக் காட்டினேன். “நல்லாத்தான் இருக்கு” என்றாள், உள்ளே இருந்தபடியே.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்றைய காற்றில் ஒரு தக்காளிச் செடி இரண்டாகிவிட்டது. நாலு காய் இருந்த செடி. கட்டிய இடத்திலேயே ஒடிந்திருக்கிறது — தண்டு பருத்திருக்கிறது, கயிறு விட்டுக்கொடுக்கவில்லை. மற்றவற்றையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் கயிறு சதைக்குள் இறங்கியிருக்கிறது. என் கைதானே செஞ்சது? இத்தனை நாள் பக்கத்துலயே நின்னு தண்ணி ஊத்தினேனே, கண்ணு எங்கே போச்சு?

தச்சர் எட்டிப் பார்த்தார். “தாங்கு கொடுக்கச் சொன்னா தூக்குல போட்டிருக்கீங்களே சார்!”

அவர் சிரித்த சத்தம் கேட்டோ என்னவோ, இவள் வெளியே வந்தாள். ஜனவரிக்குப் பிறகு பின்வாசல் படி இறங்கியது இன்றுதான்.

“தள்ளுங்க. இதென்ன பரீட்சைப் பேப்பரா? நாளைக்கும் வளரும்ல?”

பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து பல்லால் கடித்து நாடா நாடாவாகக் கிழித்தாள். குச்சியைச் சுற்றி ஒரு வளையம், நடுவில் ஒரு குறுக்கு, தண்டைச் சுற்றி இன்னொரு வளையம். எட்டு மாதிரி. தண்டுக்கும் துணிக்கும் நடுவே தன் சுண்டு விரலை நுழைத்துப் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போனாள். குடைமிளகாய்க்கு வேறு வைத்தியம்: கிளை பிரிகிற இடம் காய் கனத்தில் பிளந்துவிடுமாம். சுற்றி மூன்று குட்டைக் குச்சி, அவற்றை வளைத்து ஒரு நாடா. கிளைகள் அதன்மேல் சாய்ந்துகொண்டன.

“இப்ப ஒரு உதாரணத்துக்கு —” என்று ஆரம்பித்தேன்.

“முதல்ல கத்திரிக்கோலைப் பிடிங்க.”

பிடித்தேன். இரண்டு மணி நேரம். மதியம் தட்டை நீட்டி இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். “ருசி எல்லாம் ஒண்ணும் இல்ல. பசிக்குது, அவ்வளவுதான்” என்றாள். அதுவே எனக்கு விருந்து.

ஏப்ரல் 28, திங்கள்

இப்போதெல்லாம் காலையில் எனக்கு முன்பே தோட்டத்தில் நிற்கிறாள். இன்று தக்காளியின் பக்கக் கொழுந்துகளைக் கிள்ளிக்கொண்டிருந்தோம். கை முழுக்கப் பச்சைக் கறை. திடீரென்று நிமிர்ந்தாள். “என்னமோ கருகுற வாடை வருதுங்க!”

ஓடினேன். அடுப்பு அணைந்திருந்தது. இஸ்திரிப் பெட்டி அலமாரியில். தச்சர் வீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க வந்தால், இவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

“உள்ள இல்லங்க. என் கையில.”

முகர்ந்தேன். சாதாரணத் தக்காளி இலை வாசனை. இவளுக்கோ டயர் எரிகிற வாடையாம். “வர்றதுதான் வருது, இப்படியா வரணும்?” என்று கண் கலங்கினாள். டாக்டரிடம் போனில் கேட்டோம். நரம்பு விழித்துக்கொள்கிறதாம், முதலில் தாறுமாறாகத்தான் சொல்லுமாம், சில பேருக்கு அப்படியே நின்றும் விடுமாம்.

கடைசி வரியை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நாலு மாதம் வெற்றுத்தாள் கொடுத்த பிள்ளை இன்றைக்கு ஒரு தப்பான விடை எழுதியிருக்கிறது. எந்த வாத்தியார் வருத்தப்படுவான்?

மே 9, வெள்ளி

முதல் பழம். இவளே பறித்தாள், இவளே கடித்தாள். நான் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“புளிப்பு.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்ல. ரிசல்ட் பார்க்க வந்தவர் மாதிரி நிக்காதீங்க, தொண்டையில இறங்க மாட்டேங்குது.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனாலும் இவள் உள்ளே போன பிறகு கொஞ்ச நேரம் குச்சிகளை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவை உறுதியாக இருந்தபோதிலும்.

மே 18, ஞாயிறு

குடைமிளகாய்க்கு உரம் வைத்தேன். தச்சரின் மைத்துனர் ஆடு வளர்க்கிறார். ஒரு மூட்டை எரு கொடுத்தனுப்பியிருந்தார். சரியாக மக்காதது. சுமந்து வந்ததில் தோளெல்லாம் ஒழுகிவிட்டது. தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். இவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

“அங்கயே நில்லுங்க! என்ன நாத்தம் இது? ஆட்டுக் கொட்டகையில உருண்டுட்டு வர்றீங்களா?”

நின்றேன். கத்தியும் பாதிக் காயில் நின்றது. எழுந்து வந்தாள். என் தோளுக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுவந்தாள்.

“ஆடு” என்றாள் மெதுவாக.

“ஆடுதான்” என்றேன்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போய்க் குளிங்க முதல்ல” என்று விரட்டினாள். இதோ போகிறேன், இதோ போகிறேன் என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்கும் கூடத்துக்குமாக நாலு தடவை நடந்தேன். நாலு தடவையும் திட்டினாள்.