பாலத்தைத் தாண்டி ரொட்டி வாங்கப் போனவர்

நோங்காய், தாய்லாந்து,
பிக்குகளின் மழைக்காலத் தவசு முடிந்த மறுவாரம்.

என் கண்ணு நிம்முக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை மாட்ஸும் பேத்தியும் அந்த ஸ்வீடன் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் பிக்குகளுக்குச் சோறு இடும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன், இடது முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. ஹென்னிங்கும் நன்றாக இருக்கிறார், நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். தவசு முடிகிற இரவில் ஆற்றிலிருந்து எழும்பும் நெருப்புப் பந்தைப் பார்க்க வந்த கூட்டம் இன்னும் முழுசாகக் கலையவில்லை, சந்தையில் மீன் விலை கேட்டால் மயக்கம் வருகிறது.

போன மாதம் நீ போனில் கத்தியதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், நீதான் பட்டென்று வைத்துவிட்டாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன், இதை நடுவில் வைத்துவிட முடியாது. "இந்த வயசுல உனக்குக் கல்யாணப் பதிவு ஒரு கேடாம்மா, அந்தக் கிழவன் நிலத்தை எழுதி வாங்கிட்டுப் போயிடுவான்" என்றாய். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் ஹென்னிங்குக்கும் எனக்கும் மணிக்கட்டில் கல்யாண நூல் கட்டி வாழ்த்தியபோது நீ அங்கிருந்து பூங்கொத்துப் படம் அனுப்பினாய். நூல் கட்டினால் பூங்கொத்து, கையெழுத்துப் போட்டால் திருட்டா? அடியே, நீ இந்த நாட்டில்தானே பிறந்தாய். வெளிநாட்டுக்காரர் பெயரில் இங்கே கையகல நிலம்கூட எழுத மாட்டார்கள். பெண்டாட்டி புதிதாக நிலம் வாங்கினாலும், இதில் என் காசு ஒரு பாட்கூட இல்லை என்று புருஷன் நில ஆபீசில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், முழுக் காசும் அவனுடையதாக இருந்தாலும் சரி. அப்படி ஒரு சட்டத்தை எழுதி வைத்துக்கொண்டு நாம்தான் அவர்களைப் பார்த்துப் பயப்படுகிறோம். நல்ல வேடிக்கை.

சரி, பதிவு எதற்காக என்று நீ கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். எல்லாம் ஒரு ரொட்டியால் வந்தது. உனக்குத் தெரியும், ஹென்னிங் நம் ஒட்டுச் சோற்றை உருட்டி மிளகாய்ச் சட்னியில் தொட்டு நம்மைவிட நன்றாகத் தின்பார், ஊறல் மீனுக்குக்கூட மூக்கைப் பிடிப்பதில்லை, ஆனால் வருஷத்தில் நாலைந்து தடவை அவருக்கு டென்மார்க் ஞாபகம் வந்துவிடும், ரொட்டி ரொட்டி என்று முகம் வாடிவிடும். நல்ல ரொட்டி எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், லாவோஸ் நாட்டு வியந்தியானில்தான் கிடைக்கிறது. ஒருநாள் நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய்விட்டார். திரும்பி வருவதற்கான அனுமதி முத்திரையை முன்கூட்டியே குத்திக்கொள்ளாமல் நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால், வருஷம் முழுக்க இங்கே இருக்கலாம் என்று கொடுத்த அனுமதி அந்த நிமிஷமே செத்துப்போகும். இது இங்கே வசிக்கிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும், போன தடவை வரைக்கும் ஒழுங்காகக் குத்திக்கொண்டு போனவர்தான். பின் ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டால் டெரெக் சொன்னான் என்கிறார்.

டெரெக்கை உனக்குத் தெரியாது. ஆற்றங்கரை பீர்க்கடையில் உட்கார்ந்திருக்கும் ஆங்கிலேயர். இரண்டு பெண்டாட்டிகளுக்கு இரண்டு வீடு கட்டிக் கொடுத்து, இரண்டிலிருந்தும் வெளியே வந்து, இப்போது வாடகை அறையில் இருக்கிறார், அந்தத் தகுதியில் ஊரிலுள்ள வெள்ளைக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர்தான் வக்கீல். "அதெல்லாம் பழைய சட்டம்யா, அன்னைக்கே திரும்பிட்டா எவனும் பார்க்க மாட்டான்" என்று இவரிடம் சொல்லியிருக்கிறார். எவனும் முத்திரையைப் பார்க்காமல் இருக்க அங்கே என்ன கோழிச் சண்டையா நடக்கிறது? சாயங்காலம் பை நிறைய ரொட்டியோடு இவர் திரும்பி வந்தபோது பாலத்து அதிகாரி சுற்றுலா வந்தவனுக்குக் குத்துகிற முத்திரையைக் குத்தி, "தாய்லாந்துக்கு நல்வரவு, சந்தோஷமா சுத்திப் பாருங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். பதினோரு வருஷமாக இங்கே இருக்கிற மனிதரிடம். அன்றைக்கு அந்த ரொட்டியை அவர் தொடவில்லை, நான்தான் பாலில் நனைத்துத் தின்றேன், நன்றாகவே இருந்தது.

பழையபடி ஓய்வு பெற்றவர் என்ற கணக்கில் அனுமதி கேட்கலாமே என்பாய். அதற்கு வங்கியில் பெரிய தொகை ஒன்று மாதக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். அதில் பாதி கிடக்கிறது. மீதிப் பாதி எங்கே என்று கேட்காதே, அடுத்த தடவை வரும்போது அண்ணாந்து பார், நம் வீட்டுக் கூரையாக மேலே இருக்கிறது. பெண்டாட்டி தாய்லாந்துக்காரி என்று பதிவு இருந்தால் பாதித் தொகையே போதும். பதிவும் இல்லை என்றால் சுற்றுலாக் கெடு முடிகிற அன்று மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நான் அவரைப் பெட்டியோடு பஸ் நிலையத்தில் விட்டுவிட்டு வந்து தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எனக்கு அது முடியாது நிம். இதை உன்னிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் முடியாது. டெரெக்கோ "பதிவு மட்டும் பண்ணிடாதே, பாதியை எடுத்துக்குவா" என்று இவர் காதில் ஓதுகிறார், நீ என் காதில் அதையே ஓதுகிறாய். நீங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி ஆரம்பிக்கலாம்.

எனவே பாங்காக்குக்குப் போய் அவர் நாட்டுத் தூதரகத்தில், அறுபத்தெட்டு வயதான இந்த ஆண்பிள்ளைக்கு இப்போது வேறு பெண்டாட்டி இல்லை என்று எழுதி வாங்கி, அதைத் தாய்லாந்து மொழியில் பெயர்க்க வைத்து, அதற்கு மேல் இன்னொரு முத்திரை வாங்கி, வட்டார ஆபீசுக்கு வந்தோம். அங்கே இருந்த சின்னப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு "யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலையே பாட்டி" என்று கேட்டாள். பாட்டி என்று கூப்பிட்டதைத் தவிர வேறு கட்டாயம் எதுவும் இல்லை என்றேன். பதிவு முடிந்தது, பிறகு குடிவரவு ஆபீஸ். அங்கே இவர் அரைக்கால் சட்டையோடு வந்து நிற்கிறார், வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். எதிரே ஜெராக்ஸ் கடைக்காரி இப்படிப்பட்டவர்களுக்காகவே முழுக்கால் சட்டைகளை வாடகைக்குத் தொங்கவிட்டிருக்கிறாள், எல்லாம் அவள் புருஷன் அளவு. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே முடிந்துபோன ஒரு கறுப்புக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு அதிகாரி முன்னால் போய்க் கும்பிட்டார். அதிகாரி சிரிக்காமல் இருக்க என்ன பாடுபட்டார் என்று நான் பார்த்தேன். காகிதம் எல்லாம் சரி, வீட்டுக்கு வந்து நேரில் பார்ப்போம், நீங்கள் உண்மையிலேயே சேர்ந்து வாழ்வதாகச் சொல்ல அக்கம்பக்கத்து ஆள் ஒருவர் சாட்சியாக வேண்டும் என்றார்.

அங்கேதான் இடித்தது. நம் இடப்பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. வலப்பக்கம் பிரனோம். நீ போன பிறகு அவளும் நானும் பேச்சு நிறுத்தியது உனக்குத் தெரியாது. அவள் மகள் ஒரு ஆஸ்திரேலியாக்காரனைக் கட்டிக்கொண்டு இந்தப் புதுவருஷத் தண்ணீர்த் திருவிழாவுக்கு வந்தாள். வெளிநாட்டு ஆள் வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர்தான் ஒரே நாளுக்குள் ஆபீசில் தெரிவிக்க வேண்டும், இவள் தெரிவிக்கவில்லை, அபராதம் போட்டார்கள். நான்தான் போய்ப் போட்டுக்கொடுத்தேன் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். மருமகனை வாசலில் நிறுத்தி, தலையில் துண்டு கட்டி, கையில் பீரோடு படம் பிடித்து ஃபேஸ்புக்கில் ஊருக்கே காட்டியவள் அவள். போட்டுக்கொடுக்க நான் எதற்கு? அன்றிலிருந்து குப்பையைக்கூட என் பக்கம் பார்த்துத்தான் கூட்டுவாள். வேறு வழியில்லாமல் வாழையிலையில் மீன் அவித்து எடுத்துக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றேன். கதவைத் திறக்காமலே "ஆபீசர் கேட்டா எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், நீ எனக்குச் சொல்லிக்கொடுக்க வேணாம்" என்றாள். மீனை மட்டும் கம்பி இடுக்கு வழியாக வாங்கிக்கொண்டாள்.

இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். வீட்டு எண்ணுக்குக் கீழே நிற்க வைத்துப் படம், சாப்பாட்டு மேசையில் படம், கடைசியில் படுக்கையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள் என்று ஒரு படம். என் வாழ்நாளில் அரசாங்கம் என் படுக்கையைப் படம் பிடித்தது இதுதான் முதல் தடவை, நல்லவேளை அன்றைக்கு விரிப்பு மாற்றியிருந்தேன். பெண்டாட்டிக்கு என்ன பிடிக்காது என்று ஹென்னிங்கைக் கேட்டார்கள். அவர் தம்முடைய உடைந்த தாய்லாந்து மொழியில் "டெரெக்" என்றார். எழுதிக்கொண்டார்கள். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் போய், இவர்கள் நிஜமாகவே புருஷன் பெண்டாட்டியாக இருக்கிறார்களா என்று பிரனோமைக் கேட்டார்கள். நான் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். ஒட்டுக்கேட்டேன், மறைப்பானேன்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? அப்படியே எழுதுகிறேன். "இவளைப் பெண்டாட்டின்னு நினைக்காதவன் இவ வாயோட ஒரு வாரம் இருப்பானா சார்? போன வருஷ வெள்ளத்துல இவளுக்கு டெங்கு வந்து சுயநினைவு இல்லாமக் கெடந்தா. வண்டி தண்ணியில முங்கிப்போச்சு. இந்தக் கிழவன் தன் முதுகுல தூக்கிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில மேட்டு ரோடு வரைக்கும் நடந்தான், நான் முன்னால கம்பு ஊன்றி வழி காட்டுனேன். ஆஸ்பத்திரியில வார்டுத் தரையில படுத்துக் கெடந்தான். பெத்த மகளுக்கு இன்னைக்கு வரைக்கும் அது தெரியாது. கூடவே கெடந்த ஆளு இவன் ஒருத்தன்தான், அவனைப் புருஷன்னு எழுதாம வேற என்னன்னு எழுதுவீங்க?" சொல்லிவிட்டு என் ஜன்னல் பக்கம் திரும்பாமலே கையெழுத்துப் போட்டாள்.

ஆமாம் நிம், எனக்கு டெங்கு வந்தது. நீ குழந்தையை வைத்துக்கொண்டு விமானத்துக்கு அலைய வேண்டாம் என்று நான்தான் எல்லார் வாயையும் அடைத்தேன். அந்த நாட்களில் நீ ஒருமுறை கூப்பிட்டாய், அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று ஹென்னிங் சொன்னார், நீயும் சரி என்று வைத்துவிட்டாய். பொய் சொல்ல வைத்ததற்கு அவர் இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறார். உனக்குச் சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் நீ அவரைத் திருடன் என்ற பிறகு மனசு கேட்கவில்லை.

போன வாரம் அனுமதி வந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு. ஒவ்வொரு வருஷமும் வந்து, இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறீர்களா என்று கேட்பார்களாம். உன் அப்பாவோடு நான் வாழ்ந்த காலம் முழுக்க அப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் சில வருஷம் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் செய்துவிட்டேன், யோசனை கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். நில ஆபீசுக்குப் போய், வீடும் நிலமும் எனக்குப் பின் உனக்கு, ஆனால் ஹென்னிங் உயிரோடு இருக்கும்வரை அங்கே குடியிருக்கவும் மாமரத்துக் காயைத் தின்னவும் அவருக்கு உரிமை உண்டு என்று பத்திரத்தின் முதுகில் பதிந்துவிட்டேன். அது இல்லாவிட்டால் நான் கண்ணை மூடின பிறகு அவர் தம் காசில் போட்ட கூரைக்குக் கீழே விருந்தாளியாகக்கூட நிற்க முடியாது. அந்த ஊரில் நீயும் மாட்ஸும் வாங்கிய வீட்டில் பாதி உன் பெயரில் இருக்கிறது, எந்த ஊர்க்காரி என்று கேட்டு யாரும் அதை அழிக்கவில்லை. அங்கே நீயும் வெளிநாட்டுக்காரிதான், அதை நினைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு கத்து.

பேத்தியின் நெற்றியில் என் முத்தம். மாப்பிள்ளையை வெறும் காலோடு பனியில் நடக்க விடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், செய்த புண்ணியம் துணை நிற்க நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மறக்காதே. வெளிநாட்டுக்காரர்கள் தொண்ணூறு நாளைக்கு ஒரு தடவை ஆபீசுக்குப் போய், நான் இன்னும் இதே வீட்டில்தான் இருக்கிறேன் என்று தெரிவிக்க வேண்டும், ஹென்னிங் முந்தாநாள் போய்த் தெரிவித்துவிட்டு வந்தார். நான் கணக்குப் பார்த்தேன், நீ அம்மாவைக் கூப்பிடுவதைவிட அவர் அரசாங்கத்தைப் பார்க்கப் போவது அதிகம்.

உன் அம்மா,
லம்துவன்