உங்கள் பீரியடில் நான் வெட்டிய கற்கள்

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை டேப்லெட்டைத் துடைக்கலாம் என்று அதன் உறையைக் கழற்றினேன். உள்மடிப்பில் இன்னும் நீலகிரித் தைலம் மணக்கிறது. திரையில் விரலை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்து மணிக்கட்டு வலிக்கிறது என்று தடவிக்கொள்வீர்களே, அந்தத் தைலம். துணியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டேன். அந்த வாசனையோடு, பள்ளிக்கூட நாட்களில் நீங்கள் என்னிடம் கேட்கும் கேள்வியும் வந்தது.

"இன்னா டீச்சர், இன்னிக்காவது என் பீரியட் எனக்கு இருக்குதா, இல்ல அதுவும் கணக்குக்குப் போயிடுச்சா?"

நெட்டப்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில், கழுத்தில் விசிலோடு ஆசிரியர் அறை வாசலில் நின்று கேட்பீர்கள். நான் கணக்கு டீச்சர், நீங்கள் பி.டி. டீச்சர். அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் உங்கள் விளையாட்டுப் பீரியட் என்னுடையதாகிவிடும். தலைமையாசிரியரைக் கேட்பதில்லை, உங்களைக் கேட்பதும் ஒப்புக்குத்தான். போர்ஷன் முடிக்க வேண்டும் என்றால் அதற்கு மேல் பேச்சு ஏது? "எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க. பசங்க முட்டி துருப்புடிச்சா நீங்களே எண்ண ஊத்தி அனுப்புங்க" என்பீர்கள். நான் சிரித்துக்கொண்டே சாக்பீஸை எடுத்துக்கொண்டு போவேன். அது ஒருவருடைய நேரம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நான் சேலியமேட்டில், நீங்கள் பாகூரில். காலையில் ஏரிக்கரையில் நடந்துவிட்டு உங்கள் வீட்டில் காப்பி குடிப்பது எனக்குப் பழக்கமானது. உங்கள் முட்டி நடக்க விடாது. மைதானத்தையே அதட்டிய குரல் ஒரு நாற்காலிக்குள் அடங்கி, கனடாவிலிருந்து மகள் பாப்பா எப்போது கூப்பிடுவாள் என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த அழைப்புகளையும் நான் கேட்டிருக்கிறேன். "சாப்டியா?" "சாப்டேம்மா." "வேலை?" "போவுது." "மாப்ள?" "இருக்காரு." "எதுனா விசேஷமா?" அதோடு அவளுக்கு வேறு ஏதோ வேலை வந்துவிடும். போனை வைத்துவிட்டு, "என் பொண்ணு கிட்டயே நான் இன்டர்வியூ எடுக்கிறேன் டீச்சர், அதுவும் கேட்ட கேள்வியையே கேட்டுக்கினு" என்று நீங்களே உங்களைக் கிண்டல் செய்துகொள்வீர்கள்.

ஒரு விடுமுறைக்கு வந்தபோதுதான் பாப்பா அந்த விண்வெளி விளையாட்டை டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தாள். இணையத்தில் ஊர் ஊராக இருக்கிறவர்கள் சேர்ந்து ஆடுவது. அவள் ஏற்கெனவே அதில் ஒரு கூட்டத்தோடு தூரத்து மண்டலம் ஒன்றில் இருந்தாள். நீங்கள் அங்கே போக வேண்டுமானால் உங்கள் கப்பலுக்கு ஒரு பெரிய எந்திரம் வேண்டும். அதைக் கட்ட வரைபடம் வேண்டும். வரைபடம் திறக்க வேண்டுமானால் ஒரே ஒரு சின்ன உதிரிப் பாகத்தைச் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே சொல்கிறேன். எடுத்துக்காட்டு இல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஏழாம் வாய்ப்பாட்டை எழுதி எழுதிக் கை ஓய்ந்த பிறகுதான் எட்டாம் வாய்ப்பாட்டைக் கண்ணில் காட்டுவேன் என்று ஒரு டீச்சர் சொன்னால் எப்படி இருக்கும்? அந்த விளையாட்டு அப்படி. மிதக்கும் பாறைக் கூட்டத்துக்குப் போ, ஒளிக்கதிரால் கல்லை வெட்டு, கப்பலில் நிரப்பு, நிலையத்துக்குக் கொண்டு வந்து உருக்கு, பாகம் செய். மறுபடி போ. "இதுக்குப் பேரு கிரைண்டும்மா" என்று பாப்பா சொன்னபோது, "நம்ம வூட்டு கிரைண்டர் இதுக்குத் தேவலாம், கடைசில இட்லியாவது வரும்" என்றீர்கள்.

ஆனால் விடவில்லை. நமக்குக் காலை ஏழு மணி, அவளுக்கு வேலை முடிந்த நேரம். தூரத்து மண்டலத்திலிருந்து அவள் உங்களுக்காக இறங்கி வருவாள், இருவர் கப்பலும் ஒரே பாறை முன்னால் நிற்கும். காதில் ஒயரை மாட்டாமல் சத்தத்தை வெளியே விட்டிருப்பீர்கள்.

"பாப்பா, கருப்பட்டிக் கல்லு தீந்துபோச்சு. பாசிக் கல்லு பக்கம் போலாமா?"

"ம்மா, அதுக்கெல்லாம் வேற பேரும்மா."

"உன் பேரு வாயில நொழையல. கல்லுதானே, கோச்சிக்காது."

பிறகு பேச்சு நின்றுவிடும். கதிரின் ரீங்காரம் மட்டும். மணப்பட்டுப் பக்கம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இறால் உரிப்பதைப் பார்த்திருக்கிறோமே, கை ஓடிக்கொண்டிருக்கும், யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள், திடீரென்று ஒருத்தி எதையோ சொல்லத் தொடங்குவாள். அப்படித்தான் பாப்பாவும் தொடங்குவாள்.

"இன்னிக்கி இங்க முட்டி வரைக்கும் பனிம்மா."

"ம்."

"பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் நின்னேன். தனியாதான் வந்தேன்."

"ம்."

ஏன் தனியாக என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். நீங்கள் உதட்டில் விரலை வைத்தீர்கள். ஆட்டம் முடிந்து டேப்லெட்டை மூடிய பிறகு சொன்னீர்கள்: "கேட்டா மூடிக்குவா டீச்சர். விசேஷமா விசேஷமான்னு கேட்டுக் கேட்டுத்தான் நான் அவ வாய அடச்சி வச்சிருக்கேன். எதையோ உள்ள வச்சிக்கினு இருக்கா. கல்லு வெட்டிக்கினே இருந்தா ஒரு நாளு தானா வரும்."

இதை என் காதால் கேட்டேன். கேட்டும் எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், பக்கத்திலேயே நல்ல பாறை இருக்க நீங்கள் தூரத்துப் பாறைக்குப் போகிறீர்கள் என்பதுதான். "வழி தப்பா இருக்கு டீச்சர், இப்படிப் போனா நேரம் ஆவுமே" என்று திருத்தினேன். "ஆவட்டும்" என்றீர்கள். உங்களுக்குக் கணக்கு வராது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு உங்களுக்கு நெஞ்சுப் படபடப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார்டில் வைஃபை கிடையாது என்பதால் டேப்லெட்டை என்னிடம் கொடுத்தீர்கள். "நான் வர்ற வரைக்கும் தெனம் ஒரு தபா தொறந்து மூடுங்க, போதும். இல்லன்னா தெனப்படி பரிசு போயிடும்."

தினம் ஒரு தடவை திறந்து மூடுகிறவளா நான்? உட்கார்ந்துவிட்டேன். எந்தப் பாறை நிலையத்துக்கு அருகில், எந்தக் கல்லில் கழிவு குறைவு, எத்தனை சுற்றில் கப்பல் நிரம்பும் என்று மனக்கணக்குப் போட்டேன். சாம்பார் அடிபிடித்தது. கரண்ட் போனால் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரில் சார்ஜ் போட்டேன். இதில் இன்பம் இருந்தது டீச்சர், அதை மறைக்க மாட்டேன். மார்ச் மாதத்துக்கு முன்பே போர்ஷன் முடிந்துவிட்டால் ஒரு கர்வம் வருமே, அதே கர்வம். உங்களுக்காகச் செய்கிறேன் என்ற நினைப்பு வேறு சேர்ந்துகொண்டது. நீங்கள் வீடு திரும்பும் முன்பே வரைபடம் திறந்தது. எந்திரத்தையும் கட்டிக் கப்பலில் பொருத்திவிட்டு, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன்.

என் போனிலிருந்து நெட் கொடுத்துத் திரையைக் காட்டினேன். நீங்கள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"அட, மறுபடியும் என் பீரியட எடுத்துட்டீங்களே டீச்சர்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா எதற்கென்று தெரியாமலே சிரித்தார். நானும் சிரித்தேன். நீங்கள் புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டு, "நல்லது. பாப்பா சந்தோஷப்படுவா" என்றீர்கள். அந்த "நல்லது" எனக்குத் தெரிந்த சொல்தான். கபடியில் தோற்று வரும் பெண்களிடம், "நல்லது, வாங்க, தண்ணி குடிங்க" என்பீர்களே, அது. அன்று அதைக் காதில் வாங்கியும் தெரியாதவள் போல இருந்துவிட்டேன்.

பாப்பா சந்தோஷப்பட்டாள், உண்மைதான். நீங்கள் வீடு திரும்பியதும் தூரத்து மண்டலத்தில் அவள் கூட்டமே உங்களை வரவேற்றது. எல்லாரும் "கோச், கோச்" என்று கூப்பிட்டார்கள். ஆனால் அங்கே எப்போதும் சண்டை. ஒரே நேரத்தில் பல குரல்கள். "ம்மா, லெஃப்ட்ல போ", "ம்மா, பின்னாடி வராத", "ம்மா, ஷீல்டு போடு." தாயும் மகளும் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை, அதில் ஒரு வார்த்தைகூட வீட்டைப் பற்றியது இல்லை.

ஒரு நாள் நீங்களே கப்பலைத் திருப்பிக்கொண்டு பழைய பாறைக் கூட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். நான் பக்கத்தில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, நான் கல்லு வெட்டிக்கினு இருக்கேன். வர்றியா?"

"அதான் முடிஞ்சிடுச்சேம்மா, இனிமே எதுக்கு?"

"சும்மாதான்" என்றீர்கள். அவள், "டயர்டா இருக்கும்மா, ஞாயித்துக்கெழம பாக்கலாம்" என்று போய்விட்டாள். நீங்கள் தனியாக வெட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் டம்ளரைக் கழுவும் சாக்கில் உள்ளே போய்விட்டேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் இருவருக்கும் இருந்தது அந்த ஒரு வேலைதான். அதை நான் தீர்த்துவிட்டேன்.

அதன்பின் நீங்கள் அதிக நாள் இருக்கவில்லை. ஒரு மதியம், நாற்காலியிலேயே.

காரியம் முடிந்து கிளம்பும்போது பாப்பா டேப்லெட்டை என் கையில் கொடுத்தாள். சில வாரம் கழித்து ஒரு காலையில் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, கல்லு வெட்ட வர்றீங்களா? அம்மா பேர்ல வேணாம். அது அப்படியே நிக்கட்டும். நீங்க புதுசா ஆரம்பிங்க." உங்கள் கப்பல் பாதி நிரம்பிய நிலையில் பாறைக்கு முன்னால் நிற்கிறது. என் சின்னக் கப்பல் அதைத் தாண்டித்தான் தினமும் போகிறது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. தூரத்துப் பாறைக்கே போனேன். "ம்" மட்டும் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதிர் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவள் சொல்லத் தொடங்கினாள்.

"எனக்கு ஒண்ணு நின்னுச்சு ஆன்ட்டி. தங்கல. கலஞ்சிடுச்சு."

"ம்."

"அதுக்கப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் சரியா வரல. நான் தனி வூடு பாத்துக்கினு வந்துட்டேன். அம்மா விசேஷமான்னு கேக்கும்போதெல்லாம் போன வச்சிடுவேன். கல்லு வெட்ட ஆரம்பிச்சதும் அவங்க கேக்கறத வுட்டாங்க. அப்பதான் சொல்லலாம்னு தோணுச்சு. தொண்ட வரைக்கும் வந்துச்சு ஆன்ட்டி. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா சொல்லியிருப்பேன். அதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

"முடிச்சது நான் பாப்பா" என்றேன்.

"தெரியும். எங்க மேக்ஸ் டீச்சர் முடிச்சிக் குடுத்துட்டாங்கன்னு அம்மா பெருமையாத்தான் சொன்னாங்க." அவள் கப்பல் அடுத்த பாறைக்கு நகர்ந்தது. "இனிமே எதுக்குன்னு கேட்டது நான்தானே ஆன்ட்டி."

கப்பல் நிரம்பியது. நிலையத்துக்குப் போய் இறக்கிவிட்டு இருவரும் திரும்பி வந்தோம்.

பெருமையாகச் சொன்னீர்களாமே டீச்சர். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க ஆன்ட்டி, அம்மாவுக்குத் தெரியட்டும்" என்றாள். தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் மகள் இப்போது தனியாகத்தான் இருக்கிறாள், ஆனால் சமைத்துச் சாப்பிடுகிறாள். இழந்ததை நினைத்து அழுகிறாள், என்னிடம் மறைக்காமல் அழுகிறாள். தை மாதம் வருகிறாள், என் வீட்டில்தான் தங்குவாள். உங்கள் காதுக்கு வர வேண்டியதை நான் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு காலையும் அவள் "ஆன்ட்டி" என்று கூப்பிடும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது, அந்த மகிழ்ச்சி உடனே கூசவும் செய்கிறது. கொடுக்க ஆளில்லாத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மிச்ச நாளையும் கழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை வேறு யாராவது படிப்பீர்களானால் உங்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தால், "கொடு, நான் முடித்துத் தருகிறேன்" என்று இன்று சொல்லாதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.