கோழி அடையில் வாத்து முட்டை

ஆப்பா,

இன்று காலை அடைக்கூடையைத் தூக்கினேன். சூடேறிய உமியின் வாசனை மூக்கில் ஏறியது. கூடவே முட்டைக்குள்ளிருந்து டொக் டொக்கென்று ஒரு சத்தம். கோழியை ஒதுக்கிப் பார்த்தால், வாத்து முட்டை ஒன்றில் மிளகளவு துளை. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. என் விரல் துறுதுறுத்தது. உடனே உங்கள் நினைவு வந்துவிட்டது. வராமல் எங்கே போகும்!

மயிலாப்பூர்க் கால்வாய்க்கரையில் அடுத்தடுத்த வீடு நமக்கு. உங்கள் வீட்டுப் பேச்சில் அக்காவுக்கு ஆப்பா; நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என்னிடம் கோழி, உங்களிடம் வாத்து, இருவரிடமும் வாய். விறகுப் படகுக்காரர்கள்கூட நம் சண்டையைக் கேட்கத்தான் இங்கே மெதுவாகப் போகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

உங்கள் வீட்டுக்காரர் மவுத்தான பிறகு அந்த வாத்துகள்தாம் உங்களுக்குச் சோறும் துணையும். ஒரு நாள் தெருநாய்கள் புகுந்து ஒன்று விடாமல் கடித்துப் போட்டன. கறுப்பு வாத்து அடைகாத்துக்கொண்டிருந்த முட்டைகள் மட்டும் தப்பின. என் சாம்பல் கோழி அப்போதுதான் அடைக்கு உட்கார்ந்திருந்தது. முட்டைகளை அதன் வயிற்றடியில் வைத்தோம். முட்டை உங்களுடையது, கோழி என்னுடையது, பொரிப்பதில் ஆளுக்குப் பாதி. கால்வாய்க்கரை வழக்கம் அதுதானே.

சேதி தெரிந்து ஆற்காட்டிலிருந்து உங்கள் தம்பி வந்தார். "வாத்தும் போச்சு. இனிமே இங்க உனக்கு என்ன இருக்கு? வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் ஜட்கா கொண்டாறேன், கெளம்பு" என்றார்.

"ஒரு குஞ்சாவது பொரிஞ்சா நான் வரமாட்டேன்" என்றீர்கள். அவர் சிரித்தார். நீங்கள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

முட்டைகளுக்குள் ஒவ்வொன்றாகச் சத்தம் அடங்கிப்போனது. வெள்ளிக்கிழமை காலையில் உயிர் இருந்தது ஒரே முட்டையில்தான். முந்தின நாள் போட்ட துளை அப்படியே இருந்தது. கோழிக்குஞ்சாயிருந்தால் அந்நேரம் வெளியே வந்து ஓடிக்கொண்டிருக்கும்.

"ஒடச்சிடலாம் ஆப்பா, செத்துப்பூடும்" என்று ஓட்டில் நகத்தை வைத்தேன். பளாரென்று என் கையில் ஓர் அடி.

"சும்மா இரு! வாத்துக்குஞ்சு நிதானமாத்தான் வரும். என் கறுப்பு எவ்ளோ பொறுமையா குந்திக்கினு இருக்கும் தெரியுமா?"

"உங்க கறுப்பு தண்ணில முங்கிட்டு ஈர வயித்தோட வந்து குந்தும். என் கோழி வயிறு காஞ்சு கெடக்குது. உள்தோலு குஞ்சு மேல ஒட்டிக்கினு கீது, பாருங்க!"

முட்டையைக் கண்ணருகே கொண்டுபோனீர்கள். துளையைச் சுற்றி உள்தோல் அப்பளமாகக் காய்ந்திருந்தது. உள்ளே அலகு அசைந்தது, பிறகு நின்றது. உங்கள் முகம் வெளுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். வாத்துக்காரி காத்திருப்பாள், கோழிக்காரி உடைப்பாள். கோழியின் அடியில் காய்ந்துபோன வாத்து முட்டைக்கு என்ன செய்வதென்று நம் இருவருக்குமே தெரியவில்லை.

வெந்நீரில் துணியை நனைத்து நான் சுற்றினேன். நீங்கள் ஊசியால் துளை ஓரத்தில் அரிசியளவு ஓட்டுத் துண்டை நெம்பினீர்கள். உள்தோலில் சிவப்பு நரம்பு ஓடியது. அதில் ஒரு சொட்டு ரத்தம் துளிர்த்தது. "யா அல்லா!" என்று கையை இழுத்துக்கொண்டீர்கள். நான் பதறிப்போய் மறுபடியும் நகத்தைக் கொண்டுபோனேன். மறுபடியும் அடி.

"ரத்தத்த அது இன்னும் உள்ள இழுக்கல. இப்போ பிச்சா நாமதான் கொன்னோம்னு ஆயிடும். துணிய நனை."

நனைத்தேன். ஆறியதும் மறுபடி நனைத்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி, தொழுகையும் முடிந்து, வாசலில் ஜட்கா வந்து நின்றது. உங்கள் தம்பி உள்ளே வந்தார். "எங்க குஞ்சு?" என்றார். நீங்கள் நிமிரவே இல்லை. ஜட்காக்காரன் வெளியிலிருந்து கத்திக்கொண்டே இருந்தான். நீங்கள் துணியை விலக்கினீர்கள். சிவப்பு மறைந்திருந்தது.

"இப்போ" என்றீர்கள்.

மேல்மூடியை மட்டும் எடுத்தோம். மீதியை அதுவே உதைத்துத் தள்ளிக்கொண்டு வந்து விழுந்தது. ஒரு கால் மடங்கியிருந்தது.

"இந்த ஒத்த நொண்டிக்காகவா இங்கயே கெடக்கப் போற?" என்றார் தம்பி.

"ஆமா. வண்டிய அனுப்பிடு."

அவர் போனதும் என்னைப் பார்த்துக் கேட்டீர்களே: "பாதி உனக்காச்சே. நொண்டிக்கால் பக்கம் வேணுமா, நல்ல கால் பக்கம் வேணுமா?" சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த நொண்டியின் வம்சம்தான் இன்று என் கூடையில் இருப்பது. போன மழைக்காலக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. உங்கள் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நல்லவர்கள்தாம், சண்டைக்கே வருவதில்லை.

காலையிலேயே துணியை நனைத்துச் சுற்றிவிட்டேன். அப்படியும் இந்தக் கை அடங்கவில்லை. ஓட்டில் நகத்தை வைத்துவிட்டேன். உள்ளே சிவப்பாக நரம்பு தெரிந்தது. தட்டிவிட ஆளில்லை. இடக்கையால் வலக்கையை நானே ஓங்கி ஓர் அடி அடித்தேன்.

வலிக்கவே இல்லை, ஆப்பா. அதற்குத்தான் அழுதேன்.