அகதாவின் மூச்சு

கோலாலம்பூர்
4.3.1952

அன்புத் தங்கை அகதாவுக்கு,

அக்கா எழுதுவது. ஆஸ்பத்திரியில் வேலை அதிகம், மற்றபடி சுகம். உன் வீட்டுக்காரர் ராஃபேல் ஓட்டிப் போன ரப்பர் பால் லோரியைக் காட்டிலிருந்து கம்யூனிஸ்டுகள் சுட்டு, அவர் இறந்து ஒரு மாதம் ஆகிறது. அடக்கத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. நர்ஸாகச் சொல்கிறேன், அழாதே. சின்ன வயதிலிருந்தே அழுதால் உனக்கு இழுப்பு வரும். மனதை அடக்கிக்கொள். மாத்திரை அனுப்பியிருக்கிறேன்.

உன்னை நினைத்திருக்கும் அக்கா,
ஜெனவீவ்

மூன்றாம் டிவிஷன் லயம்
பத்தாங் பெர்ஜுந்தை
20.3.1952

அன்புள்ள அக்கா,

மாத்திரை கிடைத்தது. தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடக் கூடாதென்று அரிசியைக்கூட அளந்துதான் தருகிறார்கள்.

நீ சொன்னபடி நான் அழவில்லை. ஆனாலும் இழுப்பு தினமும் வருகிறது. உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் நாராயணசாமி ஊசி போட்டுவிட்டு, "அழுதியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் ஏன் இப்படி இழுக்குது?" என்றார். பக்கத்து வீட்டுத் தாயம்மா என்னைக் கல்நெஞ்சுக்காரி என்கிறாள்.

உன் தங்கை,
அகதா

மூன்றாம் டிவிஷன் லயம்
11.4.1952

அக்கா,

மனதை அடக்கு என்று மறுபடியும் எழுதியிருக்கிறாய். தாயம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். "உங்கக்கா ஏன் வரல?" என்றாள். லீவு இல்லை என்றேன்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரமே ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் உன்னைப் பார்த்ததாக லோரிக்காரச் செல்லன் சொன்னான். இந்த ரோட்டில் வரப் பயம் என்று நீ எழுதியிருந்தால் நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். அம்மா அப்பா இல்லாத எனக்கு நீதான் வீட்டு ஆள். அவர் சவப்பெட்டியை வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் லயத்துக்காரர்களும்தான் தூக்கினார்கள்.

எனக்கு உன்மேல் கோபம். தாயம்மா முன்னால் அதைச் சொல்லிச் சொல்லி அழுதேன். நீ சொன்ன மாதிரியே இழுப்பும் வந்தது. பிறகு தானாக அடங்கியது. வெகுநாளுக்குப் பிறகு படுத்துத் தூங்கினேன். இன்று காலை திரும்பவும் இழுக்கிறது. இந்த நோய் என்னை விட்டுப் போகாது. ஆனால் அழாதே என்று மட்டும் இனி எழுதாதே.

அகதா

கோலாலம்பூர்
15.4.1952

அகதா,

பயம்தான்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மனதில் இருப்பதை எல்லாம் சொல்லித் திட்டு. மூச்சு வாங்கினால் கொஞ்சம் நிறுத்து, முதுகைத் தேய்த்துவிடுகிறேன். அப்புறம் மீதியைத் திட்டு.

ஜெனவீவ்